படம் எடுக்கக் காலி செய்த வீடு

அலமாரியில் பாதி காலி. வெறும் ஹேங்கர்கள் தொங்கின. குளியலறையில் ஒரே ஒரு பல் துலக்கி. கண்ணாடி மேசையில் சீப்பு இல்லை, வாசனைப் புட்டி இல்லை, ஒரு ஹேர்பின்கூட இல்லை.

இனாயாத் அந்த மேசையைத் துடைத்தபடியே கணக்குப் போட்டாள். மனைவி தஹானி, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் பார்க்கப் போயிருப்பதாக வீட்டுக்காரர் லுத்ஃபி சொல்லியிருந்தார். செப்டம்பர் மாதம் கெய்ரோவில் மின்விசிறி நின்றால் உட்கார முடியாது. அம்மாவைப் பார்க்கப் போனவள் குளிர்காலக் கோட்டை எதற்கு எடுத்துப் போனாள்? கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவள்தான் கோட்டை எடுப்பாள்.

இனாயாத்துக்கு வயது நாற்பத்தாறு. விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுப்பதற்கு முன் ஒழுங்கு செய்து கொடுப்பது அவள் தொழில். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மைகளைப் பிடுங்குவாள். கேஸ் சிலிண்டரை ஒளித்துவைப்பாள். கழிப்பறை மூடியைச் சாத்துவாள். எல்லா அறைகளிலும் ஒரே நிறத்தில் எரிகிற பல்புகளை மாட்டுவாள். ஒரு பெட்டி நிறைய அவளுடைய சொந்த வெள்ளை விரிப்புகளும் இரண்டு சாம்பல் நிற மெத்தைத் திண்டுகளும் எப்போதும் கூடவே வரும். ஊரில் விற்பனைக்கு இருக்கும் நாற்பது வீட்டுப் படங்களிலாவது அந்தத் திண்டுகள் இருக்கும். இதுவரை எவரும் கண்டுபிடித்ததில்லை.

அதற்கு முன் இருபது வருஷம் இதற்கு நேர் எதிரான வேலை செய்தவள் அவள். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு பெண் வீட்டார் சீர்வரிசையைக் கொண்டுவந்து புது வீட்டை நிரப்புவார்கள் அல்லவா, அதை அடுக்கிக் காட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். நீஷ் என்கிற கண்ணாடி அலமாரியில் நாற்பத்தெட்டுக் கோப்பைகளையும், ஒன்றன் காது ஒன்றில் படாமல், அடுக்கத் தெரிந்தவள். அந்தக் கோப்பைகளில் யாரும் எப்போதும் தேநீர் குடிக்கமாட்டார்கள் என்பதும் தெரிந்தவள்தான்.

அதனால் அவளுக்கு ஒரு விதி இருந்தது. வீட்டுக்காரி எதிரில் நிற்காமல் சீர்ப் பொருளில் கைவைக்கமாட்டாள். பெண் வீட்டார் கொண்டுவரும் ஒவ்வொரு பொருளும், தங்க முலாம் பூசிய சோபாவிலிருந்து ஸ்பூன் வரைக்கும், ஒரு தாளில் எழுதப்படும். அதன் கீழே மாப்பிள்ளை கையெழுத்துப் போடுவான். இவையெல்லாம் அவளுடையவை, என் பொறுப்பில் இருக்கின்றன என்று அர்த்தம். அவள் கேட்கும்போது எடுத்து வைக்க முடியாவிட்டால் ஜெயில்தான். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வாழும்வரை அந்தச் சீர்ப்பட்டியல் பெண்ணுடைய அப்பாவின் பீரோவில் தூங்கும்.

இனாயாத் துணியை மடித்து வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். லுத்ஃபி இரண்டு டம்ளர் தேநீரோடு நின்றார். உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவர், முப்பத்தெட்டு வயது, சட்டை சரியாகத் தேய்க்கப்படவில்லை. தேநீரில் சர்க்கரை வாயில் வைக்க முடியாத அளவு இருந்தது.

"சார், உங்க வீட்டம்மா வராம நான் இந்தச் சோபாவை நகர்த்த முடியாது," என்றாள்.

அவர் மழுப்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கல்யாணமாகி நாலு வருஷம். குழந்தை இல்லை. அதைப் பற்றி இந்த வீட்டில் பேசுகிற ஒரே ஆள் கீழ் மாடியில் இருக்கும் அவருடைய அம்மாதான். அம்மாவிடம் இந்த வீட்டுச் சாவி ஒன்று உண்டு. நினைத்தபோது மேலே வருவார், ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார், பானையை முகர்ந்து பார்ப்பார். நாலு மாதத்துக்கு முன் தஹானி போய்விட்டாள். வேறு எங்கேயாவது வீடு பார்த்தால் திரும்பி வருகிறேன், இந்தக் கட்டடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினாள்.

"அதான் விக்கிறேன். வர்ற வெள்ளிக்கிழமை ஷுப்ராவுல அவங்கப்பா வீட்ல ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உக்காந்து பேசப்போறாங்க. நான் வாயால ஒண்ணும் சொல்லப்போறதில்ல. போனைத் திறந்து விளம்பரத்தைக் காட்டப்போறேன். பேசிப் பேசித்தான் இவ்வளவும் கெட்டுச்சு."

"உங்க வீட்டம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அதுல என்ன இருக்கு?" என்றார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்புத்தான் இனாயாத்தைக் கவிழ்த்தது. அது மட்டுமா என்று கேட்டால், இல்லை. அவளுக்கு வேலை கொடுக்கும் தரகர் தலத்திடம் பயமும் இருந்தது. போன மாதம்தான் அவர் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார். "அவ உக்காந்த இடத்துல இருந்தே கம்ப்யூட்டர்ல சோபாவை அழிச்சிடுறா. உனக்கு மாடியிலேருந்து சாமான் இறக்க வின்ச் வண்டி வேணும், ரெண்டு ஆள் வேணும், நடுவுல டீ வேணும்," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நேரில் பார்க்க வருகிறவர்கள் படத்தில் இருப்பதுபோல வீடு இல்லையே என்று சண்டை பிடிப்பதால்தான் இனாயாத்தை இன்னும் விட்டு வைத்திருந்தார். இந்த வீட்டுப் படம் இன்று சாயங்காலம் விளம்பரத்தில் ஏறவேண்டும், புகைப்படக்காரர் பதினொரு மணிக்கு வருவார், தவறினால் அடுத்த வீடு அந்தப் பெண்ணுக்குத்தான். தலத் இதைக் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்.

நல்ல காரியத்துக்குத்தானே என்று இனாயாத் தன் மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். வின்ச் வண்டிக்காரனைக் கூப்பிட்டாள்.

தஹானியின் சீர் அந்தக் கூடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. தமியாத் ஊர் ஆசாரிகள் இழைத்த ஏழு உருப்படி சோபா, இன்னும் பிளாஸ்டிக் உறை கழற்றாமல். சுவர் நீளத்துக்கு நீஷ். தலைக்கு மேலே தொங்கும் கண்ணாடி விளக்கு. தரை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. வாங்குகிறவன் தரையைத்தான் பார்ப்பான், ஜன்னலைத்தான் பார்ப்பான். இனாயாத் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றினாள். ஒவ்வொரு பெட்டி மேலும் உள்ளே இருப்பதை எழுதி ஒட்டினாள். பன்னிரண்டு சூப் கிண்ணம். ஆறு ஜூஸ் கிளாஸ், நீலம். மீன் தட்டு, பெரியது. கைக்குப் பழகிய வேலை, திசை மட்டும் மாறியிருந்தது.

வின்ச் ஏணி பால்கனியில் வந்து சாய்ந்ததும் தெருவே அண்ணாந்து பார்த்தது. ஹதாயிக் அல்குப்பா மாதிரி நெருக்கமான பேட்டையில் பகல் வெளிச்சத்தில் ஒரு சோபா இறங்கினால் அது ரகசியம் இல்லை. எதிர்ப்புறத்து இஸ்திரிக்காரன் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, "என்னக்கா, தலாக் ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

"வாயைக் கழுவு," என்றாள் இனாயாத்.

இரண்டாம் மாடி வாசலில் மாமியார் நஃபீசா, மடியில் கீரைத் தட்டை வைத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹஜ் போய் வந்தவர், தெருவில் எல்லோருக்கும் ஹாஜியா. வீடு விற்பது அவருக்கும் தெரியாது. சோபாவைப் பாலிஷ் போட அனுப்புகிறேன் என்று மகன் சொல்லி வைத்திருந்தார்.

"நாலு வருஷத்துல ஒருத்தரும் உக்காராத சோபாவுக்கு என்னம்மா பாலிஷ்?"

"தூசி படிஞ்சா முலாம் மங்கிடும் ஹாஜியா."

"தூசி படியாம இருக்க வீட்ல ஒரு ஆள் இருக்கணும். என் மருமகளுக்கு அது புரிஞ்சா சரி." அவர் கீரையைக் கிள்ளிக்கொண்டே படி வழியாக இறங்கிய ஒவ்வொரு பெட்டியையும் எண்ணினார்.

சாமான் எல்லாம் நாலு வீடு தள்ளி ஒரு கம்பளக் கடையின் கிடங்குக்குப் போயின. அம்மா கைக்குப் போய்விடக் கூடாது என்று லுத்ஃபி கிடங்குச் சாவியை இனாயாத்திடமே கொடுத்து வைத்தார். புகைப்படக்காரர் வந்தார். திரைச்சீலை இல்லாத ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்து விழுந்தது. பச்சை ஓடு பதித்த பால்கனி, கழுவித் துடைத்த தரை, கிண்ணத்தில் ஆறு எலுமிச்சம்பழம். இவ்வளவு பெரிய கூடமா என்று லுத்ஃபியே வாய் பிளந்தார். சாயங்காலம் படங்கள் விளம்பரத்தில் ஏறின. தலத் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினார். அவரிடமிருந்து பாராட்டு என்றால் அவ்வளவுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு லுத்ஃபியின் போன் வந்தது. குரல் அடையாளம் தெரியவில்லை. காவல் நிலையத்தில் இருக்கிறாராம்.

நடந்தது இதுதான். தஹானியின் சித்தி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் வீடு தேடி இரவும் பகலும் விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவள். பச்சை ஓட்டுப் பால்கனியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு படத்தை அக்காவுக்கு அனுப்பினாள். தஹானியின் அண்ணன் ஷவ்கி பார்த்தார். வீடு விற்பனைக்கு. கூடத்தில் சோபா இல்லை, நீஷ் இல்லை, விளக்குகூட இல்லை. பெண்டாட்டி பிறந்த வீட்டில் இருக்கும்போது அவள் சாமானை விற்றுத் தின்றுவிட்டு வீட்டையும் விற்றுக்கொண்டு ஓடப்பார்க்கிறான் என்று ஷவ்கி முடிவு கட்டினார். கெய்ரோவில் அந்தப் படத்தைப் பார்க்கிற எந்த அண்ணனும் அப்படித்தான் முடிவு கட்டியிருப்பான். அப்பாவின் பீரோவில் இருந்த சீர்ப்பட்டியல் வெளியே வந்தது. விடிந்ததும் தங்கையை அழைத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தார்.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு? கிடங்கைத் திறந்து காட்டுங்கக்கா. நான் சொல்றத இங்க யாரும் நம்பல," என்றார் லுத்ஃபி.

இனாயாத் தலத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் பதறவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையில் நமக்கு வேலை இல்லை, சாவியை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு மாதீயில் இருக்கிற வீட்டுக்குப் போ, அங்கே பன்னிரண்டு மணிக்குப் படம் என்றார். அவள் சரி என்று சொல்லிவிட்டு எதிர்த்திசைப் பேருந்தில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, தஹானியின் நம்பரை லுத்ஃபியிடம் கேட்க நேற்று எத்தனை தடவை சந்தர்ப்பம் வந்தது என்று எண்ணிப் பார்த்தாள். டீ குடித்தபோது. முதல் கோப்பையைச் சுற்றியபோது. வின்ச்சுக்குக் காத்திருந்தபோது. ஒரே ஒரு போன். அதைச் செய்திருந்தால் விஷயம் அம்பலமாகியிருக்கும், அவ்வளவுதான். இந்த மனுஷன் காவல் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கமாட்டார்.

கிடங்கு வாசலில் ஐந்து பேர் நின்றார்கள். ஒரு போலீஸ்காரர். பட்டியலைக் கையில் சுருட்டி வைத்திருந்த ஷவ்கி. அவர் துணைக்கு அழைத்து வந்திருந்த ஒரு நண்பர். சட்டை கசங்கிய லுத்ஃபி. கொஞ்சம் தள்ளி, சாம்பல் நிறத் தலைத்துணி அணிந்த மெலிந்த பெண். அவள்தான் தஹானி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரவெல்லாம் தூங்காத கண்.

ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே சோபாவின் தங்க முலாம் பளிச்சென்றது. ஷவ்கியின் முகத்தில் நிம்மதியும் ஏமாற்றமும் ஒன்றாக வந்து நின்றன. இருந்தாலும் விடவில்லை. ஒவ்வொன்றாகப் படித்தார். இனாயாத் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஏழு உருப்படி சோபா. நீஷ், கண்ணாடிக் கதவு நாலு. சலவை இயந்திரம், மூலையில் துணி போட்டு மூடியிருந்தது. சூப் கிண்ணம் பன்னிரண்டு. பிரிக்கச் சொன்னார், பிரித்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. போலீஸ்காரர் ஒரு கம்பளச் சுருள் மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்.

"எல்லாம் இருக்கு," என்றாள் தஹானி. அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை.

லுத்ஃபி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "நான் எதையும் விக்கல தஹானி. வீட்டைத்தான் விக்கிறேன். நீ கேட்டதுதான். அம்மாவுக்குக்கூடச் சொல்லல. வெள்ளிக்கிழமை உங்கப்பா முன்னால காட்டலாம்னு இருந்தேன்."

ஷவ்கி கையிலிருந்த பட்டியலைத் தாழ்த்தினார். தஹானி கணவனைப் பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை என்று இனாயாத்துக்குத் தோன்றியது. இப்போது சரியாகிவிடும் என்றும் தோன்றியது. அரை நிமிஷம் அப்படித் தோன்றியது.

"நான் எதுக்கு வீடு மாத்தச் சொன்னேன்?" என்றாள் தஹானி. "உங்கம்மா என்னைக் கேக்காம உள்ள வந்து என் ஃபிரிட்ஜைத் திறக்கிறாங்கன்னு. நீங்க என்னைக் கேக்காம என் நீஷையே இறக்கிட்டீங்க."

"உனக்காகத்தானே..."

"அவங்களும் அதையேதான் சொல்வாங்க. உனக்காகத்தான் பாத்தேன், கெட்டுப் போயிடுமேன்னு."

தஹானி இனாயாத்தின் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான் கட்டினீங்களாக்கா?"

"ஆமாம்மா."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

இனாயாத்திடம் காரணங்கள் இருந்தன. தலத், பதினொரு மணி, கம்ப்யூட்டர் பெண். "பண்ணியிருக்கணும்மா. எப்பவும் கேப்பேன். நேத்திக்குக் கேக்கல," என்றாள்.

தஹானி ஒரு பெட்டியைத் தொட்டாள். மூடியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். "அப்பா நாலு மாசமா சொல்லிட்டே இருக்காரு, போய் சாமானை எடுத்துட்டு வந்துடுன்னு. என்னால முடியல. அந்த வாசல்ல வண்டி நிக்கும், தெருவே பாக்கும், நான் நின்னு ஒவ்வொண்ணா இறக்கணும். அதுக்குப் பயந்தே நாளைக் கடத்தினேன். திரும்பிப் போயிடலாம்னுகூட இருந்தேன்." பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். "இப்போ எல்லாம் கட்டிக் கீழேயும் வந்தாச்சு. தெருவும் பாத்தாச்சு."

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது லுத்ஃபிக்குப் புரிவதற்கு முன்பே இனாயாத்துக்குப் புரிந்துவிட்டது. அவசர அவசரமாகக் குறுக்கே போனாள்.

"நான் மேல ஏத்திடறேம்மா. இன்னிக்கே. எது எங்க இருந்துச்சுன்னு எனக்கு அத்துப்படி. சாயங்காலத்துக்குள்ள ஒரு கோப்பை இடம் மாறாம வச்சுக் குடுக்கிறேன். நீங்க வந்து நின்னு பாருங்க, போதும்."

"வேணாங்க்கா. ஏத்தினா மறுபடி இறக்க எனக்குத் தெம்பு இருக்காது." பிறகு அண்ணனிடம் சொன்னாள்: "வண்டி கூப்பிடுண்ணா."

ஷவ்கிகூடத் தயங்கினார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கலாமே என்று முணுமுணுத்தார். காலையில் மச்சானை உள்ளே தள்ளத் துடித்தவர் அவர்தான். தஹானி அண்ணன் கையில் இருந்த போனைப் பார்த்தாள். அவர் கூப்பிட்டார்.

போலீஸ்காரருக்கு வேலை சுலபமாகிவிட்டது. பொருளெல்லாம் பெற்றுக்கொண்டேன், புகார் இல்லை என்று தஹானி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று போலீஸ்காரர் லுத்ஃபியிடம் சொன்னார். லுத்ஃபி நகரவில்லை. தான் கையெழுத்துப் போட்ட பட்டியலை ஷவ்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு வருஷமாக அவரைக் கட்டி வைத்திருந்த தாள் அது. இனி அதற்கு வேலை இல்லை.

லாரி வந்தபோது இனாயாத்தின் போன் அடித்தது. தலத். மாதீ வீட்டில் புகைப்படக்காரர் காத்திருக்கிறார், நீ எங்கே என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் அடுத்த சேதியையும் சொன்னார். அல்குப்பா வீட்டுக்கு ஒரே காலையில் பதினொரு பேர் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் மதியமே வருகிறார், படம் அவ்வளவு பிரமாதம். மாதீ வீட்டுக்கு அந்தக் கம்ப்யூட்டர் பெண்ணிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்லி இனாயாத் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். அடுத்த வீடு தனக்கு வராது என்பது தெரிந்துதான் சொன்னாள்.

ஷவ்கி கொண்டுவந்த ஆட்களுக்கு வீட்டுச் சாமான் பழக்கம் இல்லை. சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவர்கள். நீஷின் கதவுகளைக் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தார்கள். இனாயாத்துக்குப் பொறுக்கவில்லை. சக்கரத்தில் கால் வைத்து லாரிமேல் ஏறினாள்.

"கண்ணாடியைப் படுக்க வைக்காதீங்கப்பா. ரோட்டுல ஒரு குழி போதும். நிறுத்தி வைங்க. நடுவுல சாக்கு குடுங்க."

நாலு கதவையும் நிமிர்த்திச் சாக்கை மடித்துச் செருகி, சோபாவின் முதுகில் சாய்த்துக் கயிறு போட்டாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். கோப்பைப் பெட்டிகளை அடியில் வைக்காமல் மேலே வைக்கச் சொன்னாள். விளக்கைத் தன் கையாலேயே தூக்கிக்கொடுத்தாள்.

தஹானி ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள். லுத்ஃபி ஜன்னலருகே போய் நின்றார். கதவில் கை வைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை நான் வரட்டுமா?" என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்லத்தான் போகிறாள் என்று கீழே நின்ற எல்லோரும் நினைத்தார்கள். அவள் தலையைத் திருப்பி, பின்னால் இறங்கிக்கொண்டிருந்த இனாயாத்தைக் கூப்பிட்டாள்.

"அக்கா, கண்ணாடி ஆடாதில்ல?"

"ஆடாதும்மா. மெதுவாப் போகச் சொல்லுங்க."

லாரி மெதுவாகத்தான் போயிற்று. லுத்ஃபி கொஞ்ச தூரம் பக்கத்திலேயே நடந்து போனார்.